மேரியின் பெயர் வரை ஓடிய கர்சர்

செவ்வாய், இரவு. மணலி ஆலைகள் பக்கமிருந்து கெட்ட வாடை. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

இன்று லாரியைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கு நான் அடித்த ஒரு கேட் பாஸில், என் பெயருக்குப் பதில் மேரியின் பெயர் போய்விட்டது. ஆபீஸில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் மேரி. போன மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

ஆபீஸில் இருக்கும் பழங்காலக் கம்ப்யூட்டரில் இரண்டு கர்சர் உண்டு. ஒன்று நான் அடிக்கும் இடத்திலேயே நிற்கும். இன்னொன்றைப் பழைய பாஸின் மேல் கொண்டுபோய் வைத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தால், அங்கிருக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாக இங்கே வந்து விழும். இன்று எடுத்தது மேரி அடித்த பாஸ். அவள் காலி நாற்காலியைப் பார்த்தபடி விரலை எடுக்க மறந்தேன். சரக்கு விவரத்தோடு நிற்கவேண்டியது, கீழே அடித்தவர் பெயர் இருக்கும் கடைசி வரி வரை ஓடி அவள் பெயரையும் கொண்டுவந்துவிட்டது. பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

துறைமுக வாசலிலிருந்து லாரி டிரைவர் போன் செய்தான்.

"இன்னாக்கா, கேட்ல கீறவன் உள்ள வுட மாட்டேன்றான். பாஸ்ல மேரினு கீது. அந்தக்காவாண்ட பேசணுமாம்."

"அவங்க வேலைய வுட்டுப் போயிட்டாங்கப்பா."

"அப்போ அங்க நீ மட்டும்தான் கீறியா?"

"ஆமா."

என் பெயரைப் போட்டு வேறு பாஸ் அனுப்பினேன். லாரி உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது "நீ மட்டும்தான் கீறியா" என்று டிரைவர் கேட்டது மறுபடியும் காதில் விழுந்தது. "ஆமாப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். யாரோடு பேசுகிறேன் என்று எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.