தொண்ணூறா, நூற்றெண்பதா

திருவொற்றியூர்
7.2.1999

அன்புள்ள மாமாவுக்கு கெங்கா எழுதிக்கொண்டது.

நானும் நம் பிள்ளைகளும் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், மஸ்கட் வருகிறவர்கள் யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாம் என்றால் தேரடி பூத்தில் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் நம் குடும்பக் கதையைக் கேட்கிறார்கள். அதனால் கடிதம்தான்.

விஷயம் இதுதான். உங்கள் பழைய இரட்டைக்கண் கேமரா போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை ஒரு நிச்சயதார்த்தப் பெண்ணை உட்கார வைத்து அமுக்கினேன். ஷட்டர் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. கேமரா ரிப்பேர் செய்கிற புளியந்தோப்பு பீம்ராவ் அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு இனிமே சாமான் கெடைக்காதும்மா, பேஜாரு புடிச்ச வேலை, வுட்டுடு" என்று கை விரித்துவிட்டார். நீங்கள் போன பிறகு நான் அதை ஒழுங்காகத் துடைத்து வைக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். பெற்ற பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டேன்.

அவரிடம் பெரிய ஃபிலிம் போடுகிற கேமரா மூன்று விற்பனைக்கு வந்திருக்கின்றன. பென்டாக்ஸ் ஒன்று, ஹாஸல்பிளாட் ஒன்று, மாமியா ஒன்று. எல்லாம் ஏற்கெனவே ஒருத்தர் கையில் இருந்த பழையதுதான். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல் என்கிறார். ஆட்களை உட்கார வைத்து முகம் எடுக்க எது தோது? ஒன்றை வாங்கிவிட்டால் லென்ஸும் மற்றதும் அந்தக் கம்பெனியிலேயேதான் வாங்க வேண்டும். அதனால் யோசித்துச் சொல்லுங்கள்.

ஸ்டூடியோ நன்றாகவே ஓடுகிறது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள் இப்போது பெரிய படம் எடுக்கவும் வருகிறார்கள். எண்ணூரிலிருந்துகூட வந்து, "அக்காதான் எடுக்கணும்" என்கிறார்கள். கேட்டால் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

உங்கள் கெங்கா


மஸ்கட்
24.2.1999

அன்பு கெங்காவுக்கு,

இடுப்பு வலி நன்றாக இருக்கிறது, நான்தான் சுமார். என் கையில் அத்தனை வருஷம் இருந்த கேமரா உன் கையில் ஒரு வருஷம் தாங்கவில்லை. எழுதாதே என்றாய், அதனால் இதோடு விட்டேன்.

பென்டாக்ஸ் வேண்டாம். அதைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவனை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நிற்பாயா? தவிர அதன் சத்தம் ஹார்பரில் கண்டெய்னர் இறக்குகிற மாதிரி இருக்கும், நம் ஃபிளாஷுக்கும் அது ஒத்துவராது. ஹாஸல்பிளாட் நல்ல சரக்கு. ஆனால் படம் சதுரமாக விழும், நம் ஜனங்கள் கேட்கிற அளவுக்குப் போடும்போது மேலும் கீழும் வெட்டுப்படாவிட்டால் பக்கத்தில் வெட்டுப்படும். மாமியாதான் சரி. கனமான கேமரா, ஆனால் ஸ்டாண்டில் வைத்துவிட்டால் கனம் யாருக்குத் தெரியும்? மேலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி. கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை. குனியும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்.

லென்ஸ்தான் முக்கியம். தொண்ணூறு எம்.எம். லென்ஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதே. நூற்றெண்பது வாங்கு. தொண்ணூறில் முகம் நிறைய வர வேண்டுமென்றால் மூச்சு படுகிற தூரத்துக்குப் போக வேண்டும், மூக்கும் பெரிதாக விழும். நூற்றெண்பதில் தள்ளி நின்று எடுக்கலாம். ஆம்பளைகள் வந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி நில்.

சோதிக்கும்போது ஒரே முகம், ஒரே சுவர், ஒரே லைட் வைத்து எடு. ஆளை மாற்றினால் கேமராவின் வித்தியாசம் தெரியாது. பிரிண்ட் போட்டு அனுப்பு, பார்த்து முடிவு சொல்கிறேன். நாளைக்கு அதை வைத்து எடுக்கப் போகிறவன் நான்தானே.

"அக்காதான் எடுக்கணும்" என்று கேட்பவர்கள் ஆண்களா, பெண்களா? அதையும் எழுது.

உன் கோதண்டம்


திருவொற்றியூர்
24.3.1999

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். லென்ஸ் வாங்கச் சொல்கிறீர்களா, எனக்கும் வாடிக்கைக்காரர்களுக்கும் நடுவில் வேலி கட்டச் சொல்கிறீர்களா என்று தெரியவில்லை. என்னைக் கேட்டு வருகிறவர்களில் பெண்களும் உண்டு, ஆண்களும் உண்டு. போன வாரம் பூம்பூம் மாட்டுக்காரர் மாட்டோடு வந்தார். மாடு காளைதான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி ஒரே முகத்தை வைத்து எடுத்தேன். அருள்பிரகாசம் என்று ராயபுரத்துக்காரர், ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். உயரத்தில் அசையாமல் உட்கார்ந்தே பழகியவர், உட்கார் என்றால் உட்காருவார். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் சலிக்காமல் வந்தார். படங்களின் முதுகில் கேமராவின் பெயர் எழுதியிருக்கிறேன்.

மாமியாவில் மட்டும் இரண்டு லென்ஸும் போட்டு எடுத்தேன். நூற்றெண்பதில் மனிதர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறார். தொண்ணூறைப் போட்டுக் கிட்டே போனபோது முதலில் கூச்சப்பட்டார். பிறகு கேமரா இருப்பதையே மறந்துவிட்டார். மூக்கும் ஒன்றும் பெரிதாக விழவில்லை.

அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆசை தீரவில்லை. இதுவரை நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தோன்றினால் போதுமா? இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்தான் நம்புவேன்.

உங்கள் கெங்கா


மஸ்கட்
8.4.1999

கெங்கா,

படங்கள் வந்தன. நாலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

யார் அந்த ஆள்? பென்டாக்ஸில் காக்கிச் சட்டை. அடுத்த வாரம் ஹாஸல்பிளாடில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதற்கடுத்த வாரம் மாமியாவில் மீசைக்கு மை. கேமராவைச் சோதிக்க வந்து உட்காருகிறவனுக்கு மீசை மை எதற்கு?

அவன் லென்ஸைப் பார்க்கவில்லை. லென்ஸுக்குச் சற்று மேலே பார்க்கிறான். அங்கே என்ன இருக்கிறது? ஸ்டாண்டுக்குப் பின்னால் நீதான் நிற்கிறாய். தொண்ணூறு வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், அதைப் போட்டுக்கொண்டுதான் அவனிடம் போயிருக்கிறாய். படத்தைப் பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை என்று எனக்கே எழுதுகிறாய்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. இருபது வருஷமாக முகம் எடுக்கிறேன். கலெக்டரை எடுத்திருக்கிறேன், கல்யாண மாப்பிள்ளைகளை எடுத்திருக்கிறேன். ஒருத்தர்கூட என் கேமரா பக்கம் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

எந்தக் கேமராவும் வாங்க வேண்டாம். மூன்றையும் பீம்ராவிடம் திருப்பிக் கொடு. ஜூன் மாதம் லீவில் இல்லாமல் ஒரேயடியாக வந்துவிடப் போகிறேன், எனக்கு வேண்டிய கேமராவை இங்கிருந்தே கொண்டுவருகிறேன். அதுவரை ஸ்டூடியோவில் இருக்கிற சின்ன கேமராவில் பாஸ்போர்ட் படம் மட்டும் எடு. நான் வந்த பிறகு நீ முன்பு போல கவுண்டரில் இருந்தால் போதும்.

கோதண்டம்


திருவொற்றியூர்
25.4.1999

மாமாவுக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

அந்த ஆளுக்கு இருதயம்மாள் என்று ஒரு பெண்சாதி உண்டு. முதல் ஞாயிற்றுக்கிழமையே கூட வந்தாள். கூட வந்தவர்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவது நீங்கள் பழக்கிவிட்ட வழக்கம். அவளையும் அப்படித்தான் போகச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் இன்னாத்துக்கு வெளிய போவணும்? உன் வூட்டுக்காரன் வெளிநாட்ல கீறான். நீ தனி ரூம்புல எம்புருசன குந்த வெச்சி லைட்டு போடுவ, நான் பெஞ்சில குந்திகினு கொட்டாவி வுடணுமா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கேமராவை மூடி வைத்துவிடலாமா என்றிருந்தது. பிறகு, போகட்டும், என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொள் என்றேன். மூன்று வாரமும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டையை மாற்றியதும் மீசைக்கு மை வைத்ததும் அவள்தான். புருஷன் படத்தில் அழகாக விழ வேண்டுமாம், என் கண்ணுக்கு மட்டும் அழகாக இருக்கக் கூடாதாம்.

தொண்ணூறைப் போட்டுக்கொண்டு நான் கிட்டே போனதும் அவளும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்து, "இன்னாமே மொறைக்கிற? நான் எங்க ஓடிப்பூடப் போறேன், இங்கதான குந்திகினு கீறேன்" என்றார். சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கிவிட்டேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பார்வை என்னைத் தாண்டி அவளுக்குப் போனது. அன்றிலிருந்து கூட வந்தவர்கள் யாரையும் நான் வெளியே அனுப்புவதில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் என்னை நினைத்து ஒரு மனுஷன் தூங்காமல் கிடக்கிறாரே என்று. மறுபடியும் வாசித்தேன். சட்டை இருக்கிறது, மீசை இருக்கிறது, கலெக்டர்கூட இருக்கிறார். படம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்கு அந்த ஆள் மேல் பொறாமை இல்லை மாமா. என் மேல்தான்.

மாமியாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தொண்ணூறு லென்ஸோடு நானே வைத்துக்கொள்கிறேன் என்று பீம்ராவ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் நான் கவுண்டருக்குப் போக மாட்டேன். நீங்கள் வாருங்கள், வீடும் ஸ்டூடியோவும் உங்களுடையது. படம் எடுக்கிற உள் அறை மட்டும் என்னுடையது. இதற்குச் சம்மதம் என்றால் டிக்கெட் போடுங்கள். இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள், நான் வழி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கெங்கம்மா


மஸ்கட்
16.5.1999

அன்பு கெங்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதெல்லாம் வசவு. உனக்கு கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அதை வாசித்துப் பார்த்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

நேற்று இங்கே எங்கள் ஸ்டூடியோ முதலாளி என் மேஜையில் கிடந்த அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தார். மலையாளி, எதையும் லேசில் மெச்சாதவர். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டார். நான் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது கெங்கா. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். என் பெண்சாதி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானால் அவரையல்லவா நான் இங்கே வரவழைத்திருக்க வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. இப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. நீ எழுதியது சரி.

படம் நன்றாக இருக்கிறது. என்னால் அப்படி எடுக்க முடியாது. இந்த இரண்டு வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் மேலே எழுதுகிறேன்.

ஜூன் மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கேமரா கொண்டுவரவில்லை. உன் மாமியாவுக்குப் பின்னால் மாட்டுகிற ஃபிலிம் பெட்டி ஒன்று நல்லதாகக் கிடைத்தது. ஒரு ஃபிலிம் தீர்ந்ததும் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்ளலாம், எதிரே இருப்பவரின் முகம் மாறுவதற்குள். அதைக் கொண்டுவருகிறேன்.

கவுண்டரில் நான் உட்காருகிறேன். ரசீது எழுதுகிறேன், பாஸ்போர்ட் படம் வெட்டிக் கொடுக்கிறேன். எத்தனை நாள் முகம் சுளிக்காமல் உட்காருவேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஆம்பளை எவனாவது பெரிய படம் எடுக்க வந்தால் நானும் உள்ளே வந்து உன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். லைட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். என்னை எவனும் அப்படிப் பார்க்கப் போவதில்லை, படம் கெட்டாலும் கெடும். இருந்தாலும் கெங்கா, என்னை வெளியே உட்காரச் சொல்லாதே.

உன்
கோதண்டம்