இன்றைய தாளின் பின்பக்கம்

காபிக்கு முன்னால் பென்சிலைத் தேடும் என் அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. சேகர் அண்ணன் வேலைக்குப் போகிறான். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ஏழு பத்து மின்சார வண்டி, வழக்கமான பெட்டி, வழக்கமான ஜன்னலோரம். நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. அவனை மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் போவதில்லை. இதைச் சொன்னால்தான் நீங்கள் உட்கார்ந்து மீதியைக் கேட்பீர்கள்.

நடுவில் ஒரு பெரிய தப்பு நடந்தது. செய்தவள் நான்தான்.

தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் அண்ணனின் அன்றைய நாளை எழுதுவீர்களே. குளியல், வண்டி, வேலை, வீடு, இரவுக்குத் தோசை. எழுதி, படித்துக் காட்டி, அவன் சட்டைப்பையில் வைப்பீர்கள். கலெக்டர் ஆர்டர் போடுகிறார் என்று கல்யாணமாகி மேடவாக்கம் போகும்வரை நான் கிண்டல் செய்திருக்கிறேன். ஒருநாளாவது ஏன் என்று கேட்டேனா?

கருமாதி முடிந்த மறுநாள் சித்தப்பா சுவரைப் பார்த்தார். காலண்டர் நீங்கள் இறந்த தேதியிலேயே நின்றிருந்தது. சாவு விழுந்த தேதி வீட்டில் தொங்கக் கூடாது என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. ஆணியோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன், சுவருக்கு வெள்ளையும் அடித்தோம். வீட்டுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று நினைப்பு.

அன்று சாயங்காலம் முதல் அண்ணன் சோற்றைத் தொடவில்லை. ஆணி இருந்த இடத்தில் தலையை முட்டிக்கொண்டே நின்றான். முப்பத்தாறு வயது ஆளை இழுத்து நிறுத்த மூன்று பேர் வேண்டியிருந்தது. தூக்க மாத்திரை கொடுத்தோம். படுத்தான், எழுந்தான், மறுபடியும் சுவர்.

“அப்பா செத்ததுகூட இவனுக்குப் புரியல சுமதி. ஆஸ்பத்திரியில விட்டுடலாம். உனக்கும் குடும்பம் இருக்கு,” என்றார் சித்தப்பா. திங்கட்கிழமைக்கு வண்டியும் பேசிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை அப்பா. அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிண்டிப் பட்டறையிலிருந்து மேஸ்திரி வந்தார். அண்ணன் அளவு பார்க்காத போல்ட்டெல்லாம் திரும்பி வருகிறதாம். எப்போது வருவான் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

“சீட்டு குடுத்து அனுப்புமா, வந்துடும்,” என்றார்.

எந்தச் சீட்டு?

“பாக்கெட்ல வச்சிகினு கீதே, காலண்டர் சீட்டு. மணிக்கு ஒருதபா எடுத்துப் பாக்கும். அது இல்லாம ஒரு நாள்கூட வந்ததில்ல.”

அவனுடைய நாட்களையே பிடுங்கிப் போட்டுவிட்டு, ஏன் எழுந்து வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

தாம்பரம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். வருஷத்தின் நடுவில் காலண்டர் கேட்டவளை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். ஒரு கடைப் பரணில் விற்காமல் கிடந்தது ஒன்று. வீட்டுக்கு வந்து அன்றைய தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். அண்ணன் வாங்கவில்லை. காலண்டரை என் கையிலிருந்து எடுத்து, பின்னால் புரட்டி, நீங்கள் இறந்த தேதியில் விரலை வைத்தான்.

அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கிழிக்க வேண்டும். இருபத்துநாலு தாள். முதல் தாளின் பின்னால் என்ன எழுதுவதென்று தெரியாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் வாங்கி எழுதினான். ‘காலை 5.15. அப்பா இறந்தார். வேலை இல்லை. அழுகை.’

புரியவில்லையாம் அவனுக்கு! எங்களைவிட நிமிஷ சுத்தமாகத் தெரிந்திருந்தது.

இருட்டுவதற்குள் இருபத்துநாலையும் முடித்தோம். கடைசித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு தோசை கேட்டான். திங்கட்கிழமை சித்தப்பாவின் வண்டி வந்தபோது அவன் அன்றைய தாளோடு கிண்டியில் இருந்தான். வண்டியை நானே திருப்பி அனுப்பினேன். சித்தப்பா ஒரு வாரம் பேசவில்லை, போகட்டும்.

பிறகு ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆட்டிசம் என்றார். அது நோய் இல்லையாம், அவன் அப்படித்தானாம். இப்போது இருந்தது துக்கம், எல்லோருக்கும் வரும் அதே துக்கம்தான் என்றார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார், தாளை நிறுத்தக் கூடாது என்றார். பெயர் தெரியாமலே பதினைந்து வருஷமாக நீங்கள் வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் என்ன?

நானும் வீட்டுக்காரரும் தாம்பரம் வீட்டுக்கே குடி வந்துவிட்டோம். இப்போது அண்ணனே எழுதிக்கொள்கிறான், நான் படித்துக் காட்டினால் போதும்.

போன சனிக்கிழமை என் கைப்பையில் ஒரு தாள் இருந்தது. அவன் கையெழுத்து. ‘சுமதி. 4.00 முதல் 4.30 வரை அழுகை. பிறகு டீ.’

சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். சாவு வீட்டில் ஆளுக்கு ஆள் காரியம் சொல்லிக்கொண்டு ஓடியதில் நான் அழவே இல்லை. அதை இந்த ஊரில் ஒரே ஒருவன் கவனித்திருக்கிறான். நாலு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழுதேன் அப்பா, நன்றாக அழுதேன். நாலரைக்கு டீ வந்தது.

எனக்கப்புறம் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் கேட்டதே இல்லை. அதற்கும் ஆள் இருக்கிறது.

ஆணியைப் பழைய இடத்திலேயே அடித்தாயிற்று. அடுத்த வருஷத்துக்கு இரண்டு காலண்டர் வாங்கி வைப்பேன், ஒன்று எனக்கு. நான் இருக்கும்வரை அந்த ஆணியை யாரும் தொடமாட்டார்கள்.

உங்கள் மகள்,
சேகரின் தங்கை,
சுமதி