கிள்ளான் கடையும் கலக நகரமும்

12 ஜனவரி 1994

கணினி விளையாட்டில் இன்று என் கடற்கரை நகரம் கலகம் செய்தது. தானியக் கிடங்குக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

கணுக்கால் முறிந்து மாவுக்கட்டோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கிடக்கிறேன். எழுந்து கடைக்கு ஓடிவிடுவேன் என்று பயந்து, மருமகன் வாசு இந்தப் பெட்டியைக் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனான். நகரம் கட்ட வேண்டும், வரி வாங்க வேண்டும். சனங்களுக்குக் கோபம் வந்தால் முகம் சிவப்பாகும். பாதிக்கு மேல் சிவந்தால் கலகம்.

முப்பது வருடம் சாப்பாட்டுக்கடை நடத்தியவளுக்கு இது பெரிய வித்தையா? நாளை அடக்குகிறேன்.

13 ஜனவரி

நான்கு படை அனுப்பினேன். நகரம் அடங்கியது. ஆனால் ஒருவனும் வயலுக்குப் போகவில்லை. படைக்குச் சோறு போடுவதுதான் மிச்சம்.

15 ஜனவரி

என் இரண்டாவது கடையான கிள்ளான் கடையிலிருந்து தலைமைச் சமையல்காரன் நாகையா போன் செய்தான். தைப்பூசத்தன்று கடை திறக்கச் சொல்லியிருந்தேன். அவனுக்குக் கீழே வேலை செய்யும் ஏழு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்களாம்.

"பிரிக்பீல்ட்ஸ் கடை திறக்குதுல்ல? ரெண்டு கடைக்கும் ஒரே சட்டம்தான்."

"சரிக்கா."

நாகையா இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற ஆள் இல்லை. கொழுந்தன் தம்புசாமியை மேற்பார்வைக்கு அனுப்பிவிட்டேன்.

17 ஜனவரி

தம்புசாமி கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "எல்லாம் அமைதி, அண்ணி" என்கிறார். அமைதிதான். ரசத்தில் உப்பில்லை என்று நான்கு டாக்சி டிரைவர்கள் எதிர்க்கடைக்குப் போனதையும் அவரேதான் சொன்னார்.

18 ஜனவரி

கடற்கரை நகரம் பக்கத்து நீல ராஜாவோடு சேர்ந்துவிட்டது. என் படையும் உள்ளே மாட்டிக்கொண்டது. சனியன்.

19 ஜனவரி

வாசு வந்து பார்த்துச் சிரித்தான். "அத்தை, எல்லா ஊருக்கும் ஒரே வரின்னு பட்டன அமுக்கி வச்சிருக்கீங்க. தலைநகர்ல சந்தை, கோயில் எல்லாம் இருக்கு, தாங்கும். அது தூரத்து ஊர் லா. அதுக்குத் தனியா போடணும்."

"பேங்குல ஃபேன் காத்துல உக்காந்திருக்கிறவன் எனக்கு ஊர் ஆளச் சொல்லித் தர்றியா?"

அவன் போனதும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பட்டனை எடுத்தேன். கடற்கரை நகரத்தில் ஒரு கோயில் கட்டினேன். சிவப்பு ஒவ்வொன்றாய் மறைந்தது. இதை அவனிடம் சொல்லப்போவதில்லை.

20 ஜனவரி

தம்புசாமி போன். எதிர்க்கடை முதலாளி நாகையாவைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுப் பேசினானாம். பூசத்துக்கு லீவு, எட்டுப் பேருக்கும் வேலை.

நாகையா போனால் கிள்ளான் கடை போச்சு. அவன் கைக்குத்தானே அங்கே கூட்டம்! படை வைத்து என்ன ஆனது என்று பார்த்தாயிற்று. போன் சரிப்படாது. நானே போகிறேன்.

21 ஜனவரி

கட்டுக்காலோடு டாக்சியில் கிள்ளான் போனேன். நாகையா விரத மாலையோடு அடுப்படியில் நின்றான்.

"கால வச்சுக்கிட்டு ஏன்க்கா வந்தீங்க?"

"உன்ன எதிர்க்கடையில பாக்கறதுக்கு முன்னாடி இங்கேயே பாத்துடலாம்னு."

அவன் சிரிக்கவில்லை. "கேஎல்-ல பூசத்துக்கு கவர்மெண்ட் லீவு இல்ல, நீங்க திறக்கிறீங்க. இது சிலாங்கூர் மாநிலம்க்கா. இங்க கவர்மெண்டே லீவு குடுக்குது. நீங்க குடுக்க மாட்டேங்கிறீங்க. எங்கள்ல ஆறு பேருக்குக் காவடி இருக்கு."

கோலாலம்பூரும் சிலாங்கூராய் இருந்த காலத்தில் கடை போட்டவள் நான். பிரித்து இருபது வருடம் ஆகிறது. ஒரு டாக்சி தூரம்தானே, இதில் என்ன வேறு ஊர், வேறு சட்டம் என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. அதை அவனிடம், ஏழு பேரும் கேட்கவே சொன்னேன்.

"எதிர்க்கடையில லீவு மட்டுமா சொன்னான்?" என்று கேட்டேன்.

"லாபத்துல பங்கும் சொன்னான்."

"எவ்வளவு?"

"அத நீங்க சொல்லுங்க, பாப்போம்."

திருடன். என்னிடம் கற்றுக்கொண்ட பேச்சு. உட்கார நாற்காலி கேட்டேன். தம்புசாமி எழுந்து தன்னுடையதைக் கொடுத்தார்.

22 ஜனவரி

தம்புசாமி வீடு திரும்பிவிட்டார். பேசி முடித்தது: பூசத்துக்கு மூன்று நாள் கடை அடைப்பு, எட்டுப் பேருக்கும் முழுச் சம்பளம். கிள்ளான் ஆட்களின் லீவையும் வேலை நேரத்தையும் நாகையாவே முடிவு செய்வான். ஐந்து வருடத்துக்கு வேறு கடை அடுப்பில் அவன் கை வைக்கக் கூடாது. லாபத்தில் இருபது கேட்டான், பத்து சொன்னேன், நூற்றுக்குப் பதினைந்தில் முடிந்தது.