ஆற்றுக்கு முதுகு காட்டிய அரண்மனை

என் கூடப்பிறந்த குருவிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க இன்னும் மனசு வரவில்லை. அக்கா எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. வியாழக்கிழமையே உன் மகள் போனில் சொல்லிவிட்டாள். இதயத்தில் வால்வு மாற்ற வேண்டுமாம், இருபதாம் தேதிக்குள் நீ சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம், வாழ்ந்தது போதும் என்று நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயாம். அவள் அழுதாள். நான் அழவில்லை.

இப்போது நான் எங்கே இருக்கிறேன் தெரியுமா? அந்தக் கோட்டை ஊரில்தான். பேரனுக்கு இங்கே பாலம் கட்டுகிற வேலை. ஒரு வாரம் வந்து இரு பாட்டி என்று கூப்பிட்டான். முதலில் மாட்டேன் என்றேன். முப்பத்தொரு வருஷமாக இந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

நம் வீட்டுக் காலண்டரில் இந்த அரண்மனைப் படம் இருந்ததே. வருஷம் முடிந்தும் கழற்றவிடாமல் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பார்ப்போம். போனால் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவள் நீ. பிறகு உன் வீட்டுக்காரரோடு வந்துவிட்டு, லாட்ஜ் பெயர் அச்சடித்த தாளில் எனக்குப் பதினோரு வரி எழுதினாய். வரி பிசகாமல் இன்னும் சொல்வேன். அரண்மனை வாசலில் நின்றால் நேரே ஆறு, படியிறங்கிக் கால் நனைத்தோம், தோட்டமெல்லாம் நீரூற்று, அக்கா நீ இல்லாததுதான் குறை. அந்தக் கடைசி வரியை மன்னிக்க முடியாமல்தான் உன் மகள் கல்யாணத்துக்கு வந்தும் கை நனைக்காமல் திரும்பினேன்.

நேற்றுக் காலை பேரனோடு கோட்டைக்குள் போனேன். கதவில் முழ நீளத்துக்கு இரும்பு முள். யானை ஏறுவதற்காகப் போட்ட சரிவில் மூச்சு வாங்க ஏறினேன். தோட்டத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, நடுவே கல் வாய்க்கால் விட்டிருக்கிறார்கள். தோட்டக்காரர் ஒருவர் ரப்பர் குழாயால் ரோஜாவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அரண்மனை வாசலில் போய் நின்றால், ஆற்றைக் காணோம். அரண்மனை ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பின்பக்கம் மூன்று ஆள் உயர மதில். அதில் விரல் நுழைகிற அளவுக்குக் கல் சல்லடை. கண்ணை ஒட்டிப் பார்த்தால் கிணற்றுக்குள் தெரிவதுபோல அடியில் ஆறு. படி என்று ஒன்று எந்தப் பக்கமும் இல்லை.

டிக்கெட் கிழிக்கிறவரிடம், முன்னே ஆறு இந்தப் பக்கம் ஓடியதா என்று கேட்டேன். "ஆறு நானூறு வருஷமா அங்கேயேதான் ஓடுது பாட்டி, நீங்கதான் லேட்டு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் காலண்டர்ப் படத்தை வரைந்தவன் அழகுக்காக ஆற்றை இழுத்து வாசலில் போட்டிருக்கிறான். நீயும் அந்தப் படத்தை மனசில் வைத்தே எழுதியிருக்கிறாய்.

அங்கேயே உட்கார்ந்து உன் மகளுக்குப் போன் போட்டேன். உங்க அம்மா இந்த அரண்மனையை உள்ளே வந்து பார்த்தாளாடி என்று கேட்டேன். "இல்ல பெரியம்மா. பஸ் ஜன்னல் வழியா மதில் மட்டும் தெரிஞ்சுதாம். அப்பா இறங்கவிடல. நாலு நாளும் வெளியே பூட்டிட்டுப் போயிடுவாராம், அம்மா ரூம்லயேதான் இருந்தாங்களாம்" என்றாள்.

நாலு நாள் பூட்டின அறையில் அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு, எனக்குக் கால் நனைத்த கதை எழுதினாயா, பாவி? ஒரு வரி உண்மையாக எழுதியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேனே. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன். உன் வீட்டுக்காரரை நான் மன்னிக்கவில்லை, மேலே போய்ப் பார்த்தாலும் மன்னிக்கப்போவதில்லை.

அரண்மனையில் மாடி இருக்கிறது. ராணிகள் இருந்த இடம். சுவர் முழுக்கக் கண்ணாடித் துண்டு பதித்திருக்கிறதாம், அங்கே நின்றால் மதிலுக்கு மேலாக ஆறு முழுசாகத் தெரியுமாம். பேரன் பாதிப் படி ஏறிவிட்டுத் திரும்பி, ஏன் நின்றுவிட்டாய் என்றான். அதற்கு ஆள் வர வேண்டும் என்றேன். யார் என்றான். என் தங்கச்சி என்றேன். "அவங்க பேரையே வீட்ல எடுக்கக்கூடாதுன்னு சொன்னது நீதானே?" என்றான். சொன்னவளுக்கு மாற்றிச் சொல்லவும் வாய் இருக்கிறது என்று அவனை இறக்கிவிட்டேன். டிக்கெட்டுக்காரர்கூடத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆகவே மாடியை நான் பார்க்கவில்லை, உனக்காக அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு படி. நடுவில் இரண்டு இடத்தில் உட்காரக் கல் போட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் படி ஏறலாம் என்று டாக்டர் சொன்னாராம். நான் நாலு மாதம் தருகிறேன். கூட இருந்து பார்த்துக்கொள்ள நாளைக்கே கிளம்பி வருகிறேன். உன் வீட்டில் எனக்குப் பாய் போதும்.

பழைய கோபம் அர்த்தமில்லாமல் போய்விட்டது. முப்பத்தொரு வருஷம் என்னை ஏமாற்றினாயே, அதற்கான கோபம் நேற்றுத்தான் ஆரம்பித்திருக்கிறது. அதை உன்னிடம் நேரில் கொட்ட வேண்டும். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

கையெழுத்துப் போடு, குருவி. நம் இரண்டு பேரில் முதலில் பிறந்தவள் நான். போவதிலும் முதல் இடம் என்னுடையது. வரிசையில் முந்தாதே.

நல்லா இரு.

உன் அக்கா