சரசு, உன் எண்ணெய்த் திமிங்கிலத்தைப் பார்த்தேன்

என் பிரியமான சரசுவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. டுரியான் துங்கால் வீட்டில் நானும் மகளும்தான். அவள் பத்து பெரண்டாம் தொழிற்சாலைக்குப் போகிறாள். நான் இன்னும் மண்வாரி இயந்திரம்தான் ஓட்டுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி கூப்பிட்டார். கடலோரத்தில் ஏதோ பெரிய மீன் செத்து ஒதுங்கியிருக்கிறதாம், புதைக்கக் குழி தோண்ட வேண்டுமாம். போய்ப் பார்த்தால் மீன் இல்லை, சரசு. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை. ஒல்லியான கீழ்த்தாடையில் மட்டும் வரிசையாகப் பற்கள். மூச்சுத் துளை நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. நீ சொன்ன எண்ணெய்த் திமிங்கிலமேதான். வாடை தாங்கவில்லை. இருந்தும் இறங்கிப் போய் அதன் பக்கத்தில் நின்றேன்.

பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை முடிந்து வந்து, எத்தனை சாயங்காலம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பாய்! அந்தத் தலைக்குள் இருக்கும் எண்ணெய்க்காகத்தானே கப்பல் கப்பலாகப் போய் ஈட்டி எறிந்து கொன்றார்கள்? "வெளக்குக்கு மட்டுமில்லைங்க, மிஷினுக்கும் அதத்தான் போட்டாங்க" என்று என்னைச் சீண்டுவாய். நான் டிவியைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவேன்.

குழி பாதி தோண்டியிருப்பேன். வேடிக்கை பார்க்க வந்த ஒருவன் பாராங் கத்தியோடு தாடைப் பக்கம் போனான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"என்னண்ணே, ஒரு பல்லுதான்லா. செத்ததுதானே?"

"உயிரோட இருந்தப்பவே எடுத்ததெல்லாம் போதும் தம்பி. செத்த பொறகாவது விடுலா."

முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். அளவெடுக்க வந்திருந்த மீன்வள இலாகாப் பெண் அருகில் வந்தாள். நம் மகள் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், இதப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

சொன்னேன். தலை எண்ணெய், இருட்டான ஆழத்தில் போய்க் கணவாய் பிடிப்பது, டிக் டிக் என்று ஒலி எழுப்பி இரை தேடுவது, எல்லாம் என் வாயிலிருந்து தானாக வந்தது.

"எங்க படிச்சீங்க அங்கிள்?"

"எங்க வீட்டுல சொல்லுவாங்க" என்றேன். திரும்பி இயந்திரத்தில் ஏறி மீதிக் குழியைத் தோண்டினேன்.

நான் கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனாயா? ஒன்று விடாமல் கேட்டிருக்கிறேன், சரசு. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சதை மட்கியதும் எலும்புகளை எடுத்து மாணவர்கள் பார்க்க வைக்கப் போகிறார்களாம். குழியைத் திறக்க நான்தான் வருவேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். ஓர் எலும்புகூட உடையாமல் எடுப்பேன். மகளையும் அழைத்துப் போய், நீ சொன்னபடியே அவளுக்குச் சொல்வேன்.

'ம்' கொட்டியே காலம் கழித்த,
உன் வீட்டுக்காரன்
மாணிக்கம்