பெட்டியில் எழுதியிருந்தது

1998 அக்டோபர் 24, சனி

மக்காச்சோளம் இன்னும் நாற்பது ஏக்கர் நிற்கிறது. காலையிலிருந்து தூறல், எந்திரத்தை வயலில் இறக்க முடியவில்லை. அதைச் சாக்காக வைத்துக் கடைக்குப் போய்த் துப்பாக்கிக் குழல் பார்த்தேன். மனைவி ஆர்டித்திடம் டீசல் ஃபில்டர் வாங்கப் போவதாகச் சொன்னேன். ஃபில்டரும் வாங்கினேன், ஆகவே பொய் இல்லை.

ரைஃபிளை அனுமதித்திருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது. மானுக்கு ஷாட்கன், அதில் ஒற்றைக் குண்டு என்று மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. ஆகவே இருக்கிற துப்பாக்கிக்கே புதுக் குழல். கடைக்கார மர்வின் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று இருபது அங்குலம், ஒன்று இருபத்துநாலு. இரண்டுக்கும் உள்ளே மரை, குண்டைச் சுழற்றிவிடும் சுருள் வரி. அரை மணி நேரம் மாற்றி மாற்றித் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு நீளமானதை எடுத்துக்கொண்டேன்.

மர்வின் சொன்னார்: “இதுக்கு இந்த பிளாஸ்டிக் உறை போட்ட குண்டுதான். மரைல சுத்திக்கிட்டே நேராப் போகும். பழைய ஈயக் குண்டப் போட்டா மரையெல்லாம் ஈயம் அப்பிக்கும். அதே மாதிரி உறைக்குண்ட மரை இல்லாத குழல்ல போட்றாதீங்க. எங்க போகுதுன்னு குண்டுக்கே தெரியாது.”

எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

எதற்கு இவ்வளவு பாடு? போன வருடம் எண்பது கஜத்தில் நின்ற கிடா மானை இரண்டு முறை சுட்டேன். முதல் குண்டு எங்கே போனதோ. இரண்டாவது ஹார்லனுடைய தகரக் கொட்டகையில் போய் விழுந்தது. ஹார்லன் ஆர்டித்தின் அண்ணன், என்னைவிட ஏழு வயது மூத்தவர். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘கொட்டகை வேட்டைக்காரர்’. ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, மான் திரும்பி என்னைப் பார்த்த மாதிரி கழுத்தைத் திருப்பிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 31, சனி

சரளைக்குழியில் சுட்டுப் பார்த்தேன். எழுபத்தைந்து கஜத்தில் காகிதத் தட்டு. இரண்டு கம்பெனிக் குண்டு வாங்கியிருந்தேன். முதலாவதில் ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, ஒன்று தட்டிலேயே இல்லை. இரண்டாவதில் மூன்று ஓட்டையையும் உள்ளங்கையால் மூடிவிடலாம். அதே குழல், அதே தோள். குழலுக்கென்று ஒரு ருசி இருக்கிறது போல.

நவம்பர் 2, திங்கள்

துப்பாக்கி உதைத்துத் தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருக்கிறது. என்ன என்று ஆர்டித் கேட்டாள். ஏணி சரிந்துவிட்டது என்றேன்.

நவம்பர் 7, சனி

சோளம் முடிந்தது. நூறு கஜத்திலும் உள்ளங்கை அளவுதான். அந்தத் தட்டைத் தூக்கிப் போட மனமில்லை.

நவம்பர் 26, வியாழன்

நன்றி நாள் விருந்து எங்கள் வீட்டில். ஹார்லன் மதியமே வந்துவிட்டார். மனைவி இறந்து மூன்று வருடமாகிறது, பண்டிகை என்றால் இங்கேதான். வான்கோழி அறுக்கும் முன் தட்டைக் கொண்டுவந்து காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்து என்னைப் பார்த்தார். “தட்டு எங்கயும் ஓடாதுல்ல மாப்ள.”

அவ்வளவுதான். மேஜையே அதிர்ந்தது. “மான் ஒண்ணும் வந்து நின்னு, ஐயா எங்க சுடப்போறீங்கன்னு கேக்காது. நம்ம குழல்ல மரை கெடையாது, வழவழன்னு பொறந்தது, வழவழன்னே சாகும். இருபத்திமூணு வருசத்துல ஒண்ணு தப்பிச்சிருக்கா? சொல்லு.”

இல்லை. ஒன்றுகூட இல்லை. அவர் துப்பாக்கியும் என்னுடையதும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை.

ஆர்டித்தும் சிரித்தாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஐம்பத்தொரு வயதில் ஒரு காகிதத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேனே!

டிசம்பர் 5, சனி

முதல் நாள். சபை ஆட்கள் எட்டுப் பேர், ஆற்றோரக் காட்டில் விரட்டு. நான்கு பேர் நடந்து விரட்ட, நான்கு பேர் வழியில் நிற்பது. ஹார்லன் என் வண்டியில்தான் வந்தார். இறங்கித் தன் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் காட்டுக்கோழிக்குப் போடுகிற சிறு ரவைத் தோட்டா. வீட்டில் பெட்டி மாறி எடுத்துவிட்டார். வீடு ஏழு மைல். விரட்டு ஆரம்பிக்கப் போகிறது.

“அந்தத் தங்கக் குண்டுல நாலு குடு மாப்ள. அதுல என்னதான் இருக்குன்னு பாப்போம்” என்றார். கொடுத்தேன்.

பத்து மணிக்கு ஒரு பெட்டை மான் தொண்ணூறு கஜத்தில் குறுக்கே வந்தது. ஒரே குண்டு, விழுந்த இடத்தைவிட்டு அசையவில்லை. என் ஆயுளில் இப்படிச் சுட்டதில்லை. ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். “கொட்டகைய விட்டுட்டானப்பா!” என்று ஹார்லன்தான் சத்தமாகச் சொன்னார்.

கடைசி விரட்டு நாலு மணிக்கு. பெரிய கிடா, ஹார்லன் முன்னால் நாற்பது கஜம். அந்தத் தூரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டே சுடுவார். முதல் குண்டில் பின்னங்கால் மடிந்தது. இரண்டாவது எங்கேயோ பனியில் புகுந்தது. மூன்றாவதற்கு மரக்கிளை உடைந்தது. கிடா காலை இழுத்துக்கொண்டே ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டது. ரத்தத்தில் பச்சை கலந்திருந்தது, முதல் குண்டு வயிற்றையும் கிழித்திருக்கிறது. இருட்டும்வரை தேடினோம். ஹார்லன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 6, ஞாயிறு

காலை ஆராதனையில் ஹார்லன் இல்லை. ஆர்டித் பக்கத்தில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஓய்வுநாளில் நாங்கள் துப்பாக்கியைத் தொடுவதில்லை. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தொட்டதில்லை.

மதியம் இரண்டாம் ஆராதனை. போதகர் நீண்ட ஜெபத்தில் இருந்தபோது ஆற்றுப் பக்கமிருந்து வெடிச் சத்தம். ஒன்றே ஒன்று. சபை மூப்பர் கெரிட் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நானும் திறந்துதான் வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஹார்லன் ஆர்டித்துக்கு ஃபோன் செய்தார். விடியற்காலையிலிருந்து தேடியிருக்கிறார். மான் உயிரோடு இருந்ததாம். பத்தடியில் நின்று கழுத்தில் சுட்டாராம். கறி கெட்டுவிட்டது, ஆனாலும் ஆளுக்கு ஒரு மான் என்று மாநிலம் கொடுக்கிற தன் பெயர்ச் சீட்டை அதன் காதில் கட்டிவிட்டாராம், இந்த வருடம் இனி வேறு மான் கிடையாது. “அண்ணன் அழுதுச்சுங்க” என்றாள். அவளும் அழுதாள்.

டிசம்பர் 7, திங்கள்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் எங்கே எழுதுவது.

எனக்குத் தெரியும். மர்வின் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவன் நான்தானே. என் வண்டி சீட்டுக்கு அடியில் போன வருடத்து ஈயக் குண்டு பாதிப் பெட்டி கிடக்கிறது. கேட்டவுடன் என் கை முதலில் அங்கேதான் போனது. பிறகு நின்றது.

உறைக்குண்டைப் பெட்டியோடு கொடுக்கவில்லை. ‘மரை போட்ட குழலுக்கு மட்டும்’ என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கிறது. நாலு குண்டைத் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அது ஞாபகப் பிசகு இல்லையே. யோசித்துச் செய்தது.

தப்பட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு தடவை எல்லார் முன்னாலும் அந்த ஆளுக்கும் தப்பட்டும், அவ்வளவுதான். மேலே படும், வயிற்றில் படும் என்று... ஏன் நினைக்கல? எங்க போகும்னு குண்டுக்கே தெரியாதுன்னா என்ன அர்த்தம்டா?

காலையிலிருந்து நாலு மணிவரை நேரம் இருந்தது. பெட்டை மான் விழுந்தபோதே சொல்லியிருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே அப்போது. வாயைத் திறக்கவில்லை. சீ.

டிசம்பர் 8, செவ்வாய்

புதுக் குழலைக் கழற்றிவிட்டேன். அதனால் என்ன ஆகப் போகிறது.

டிசம்பர் 10, வியாழன்

மூப்பர் கூட்டம், நானும் அதில் ஒருவன். ஓய்வுநாளை மீறி வேட்டை, இரண்டு ஆராதனைக்கும் வராதது. ஹார்லனை யாராவது வீட்டில் போய்ப் பார்த்துப் பேச வேண்டும் என்றார்கள். கெரிட் சொன்னார்: “வெர்லின் வரட்டும். சொந்தக்காரர், பக்குவமாச் சொல்லுவார்.”

சரி என்றேன். சரி என்று என் வாயால் சொன்னேன்.

டிசம்பர் 14, திங்கள்

போய்விட்டு வந்தோம். ஹார்லன் காபி போட்டு, பாதாம் ரொட்டி நறுக்கி வைத்திருந்தார். ஓய்வுநாளைப் பற்றிய நான்காம் கட்டளையிலிருந்து கெரிட் ஆரம்பித்தார். ஹார்லன் தலையைக் குனிந்து முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தப்புதான். ஆனா அது அங்க கெடந்து துடிக்கும்போது நான் இங்க வந்து பாட்டுப் பாட முடியாது கெரிட். திரும்ப நடந்தாலும் போவேன். எழுதிக்கோங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “கண்ணு போச்சு மாப்ள. சக்கரை இருக்குல்ல, அதான். நாப்பது கஜம்! ஸ்கூல்ல சொல்லிட்டேன், கிறிஸ்துமஸ் லீவுக்கு அப்புறம் பஸ் ஓட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லி. புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டுற வண்டி. நமக்கு எதுக்கு வம்பு.”

பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த நாய் பயம் என்பதுவரை தெரியும்.

அப்போது சொன்னேன். “மச்சான், கண்ணுல ஒண்ணுமில்ல. அந்தக் குண்டு உங்க குழலுக்கு ஆகாது. மரை இல்லாத குழல்ல கன்னாபின்னான்னு போகும். எனக்கு... எனக்கு அப்பத் தெரியல.”

கடைசி மூன்று வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நானாக நினைத்துச் சொன்னதில்லை, ஆனால் நான்தான் சொன்னேன்.

ஹார்லன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அடப்பாவி, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா! ஒரு வாரமா நான் குருடன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்.” கண்ணெல்லாம் தண்ணீர். “தெரியாமக் குடுத்ததுக்கு நீ ஏன் மாப்ள இப்படி வெளுத்துப் போற?”

வரும் வழியில் கெரிட் என் தாழ்மையைப் பாராட்டினார். அறையை வாங்கிக்கொண்ட மாதிரி கன்னம் எரிந்தது.

டிசம்பர் 16, புதன்

காபிக் கடையில் ஹார்லன் கதை சொல்கிறார். “எங்க மாப்ள எனக்கு விஷம் வச்சுட்டான்யா!” எல்லாரும் சிரித்தார்கள். பேருந்து மறுபடி அவரிடமே. என் காபிக்கும் சேர்த்து அவரே கொடுத்தார்.

டிசம்பர் 27, ஞாயிறு

ஆயத்த ஆராதனை. அடுத்த ஞாயிறு திருவிருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற நாள். இந்த ஒரு வாரம் அவரவர் தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும், சகோதரனோடு குறை இருந்தால் தீர்த்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பகுதியைச் சபைக்கு வாசிக்கும் முறை இந்தத் தடவை என்னுடையது. வாசித்தேன். குரல் நடுங்கவில்லை, அதுதான் கேவலம்.

டிசம்பர் 29, செவ்வாய்

ஆர்டித்திடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள், குழாயை மூடினாள்.

“சீட்டுக்கு அடியில இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நான் சிரிச்சதுக்கா?”

இல்லை என்றேன். கொஞ்சம் ஆமாம்தான். அதையும் சொன்னேன்.

“என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது” என்றாள். மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

டிசம்பர் 30, புதன்

ஹார்லன் மாட்டுத் தொட்டியில் உறைந்த பனிக்கட்டியைக் கோடாலியால் உடைத்துக்கொண்டிருந்தார். “வா மாப்ள, அந்தக் கம்பிய எடு” என்றார். கம்பியை எடுக்காமல் சொன்னேன். தெரியும் என்று. தெரிந்தேதான் கொடுத்தேன் என்று. பெட்டி, சீட்டு, மர்வின், எல்லாம். அன்று கெரிட் முன்னால் சொன்னது பொய் என்று.

கோடாலியைத் தொட்டியில் சாய்த்து வைத்தார்.

“நான் கிண்டல் பண்ணது அவ்வளவு வலிச்சுதா?”

“வலிச்சுது.”

“சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே. மூஞ்சியில ஒரு குத்து விட்டிருந்தாக்கூட வாங்கியிருப்பேன்.” பிறகு குரல் மாறியது. “ஞாயித்துக்கிழம நான் போய் நின்னப்ப அது எந்திரிக்கப் பாத்துச்சு. மூணு கால ஊனி எந்திரிக்கும், விழும். எந்திரிக்கும், விழும். நான் அதுகிட்ட மன்னிப்புக் கேட்டேன் வெர்லின். என் தப்புன்னு நெனச்சு நான் கேட்டேன்.”

கம்பியை எடுக்கக் குனிந்தேன்.

“போ” என்றார். “வீட்டுக்குப் போ வெர்லின்.”

இருபத்துமூன்று வருடத்தில் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

1999 ஜனவரி 2, சனி

நாளை திருவிருந்தில் அப்பத் தட்டு ஏந்த மாட்டேன் என்று போதகரிடம் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்றார். இல்லை என்றேன். இன்னும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. மூப்பர் கூட்டத்தில் நானே சொல்ல வேண்டும், வியாழக்கிழமை.

ஜனவரி 3, ஞாயிறு

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆர்டித் வழக்கமான இடத்தில், நான்காவது வரிசையில். மூப்பர் வரிசையில் என் நாற்காலி காலியாக இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். யார் யார் பார்த்தார்கள் என்று நானும் பார்த்தேன்.

முதல் பாட்டு முடிந்தபிறகுதான் ஹார்லன் உள்ளே வந்தார். முன்னால் ஆர்டித் நகர்ந்து இடம் விட்டாள். அவர் போகவில்லை. நடைபாதையில் கொஞ்சம் நின்றுவிட்டு என் வரிசைக்குள் வந்து உட்கார்ந்தார். நடுவில் ஓர் ஆள் இடம்.

அப்பத் தட்டைக் கெரிட் என்னிடம் நீட்டினார். எடுக்காமல் ஹார்லனிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்காமல் கெரிட்டிடமே திருப்பிக் கொடுத்தார். கெரிட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். ரசப் பாத்திரமும் அப்படியே வந்தது, அப்படியே போனது. முகம் முழுக்கச் சூடேறித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எடுக்காதது எனக்குத் தகும். அவர் என்ன செய்தார், என்னால் அவரும் பட்டினியாகத் திரும்ப?

எல்லாரும் எழுந்து போகும்போது கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“இன்னிக்கு என்னால முடியல மாப்ள. மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்லி வாயில போட எனக்கு வராது. ஏப்ரல்ல பாப்போம்.”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். ஏப்ரல் திருவிருந்து நான்காம் தேதி. இன்னும் பதின்மூன்று வாரம்.