மேசை ரம்பத்தைப் பார்க்க வருகிறவரிடம்

தஹ்சீன் அத்தாவுக்கு,

தக்காளிச் சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. ஸ்பூனால் சாப்பிடுங்கள், விரல் கட்டு நனையக் கூடாது.

பதினொரு மணிக்கு மேசை ரம்பத்தை விலைக்குப் பார்க்க வீரபாண்டியிலிருந்து ஒருவர் வருகிறார். நான்தான் வரச் சொன்னேன். மாடி அறைச் சாவி ஃபிரிட்ஜ் மேல். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டுக் கரண்டிலேயே ஓடும், மூலையில் அடங்கிவிடும், பிளைவுட்டை நேராக அறுக்கும். கனமான வேம்பு என்றால் திணறி நின்றுவிடும். பலகையை அணைத்துத் தள்ளும் ஓரக்கட்டை பின்பக்கம் நகரும், ஒவ்வொரு முறையும் இரண்டு முனையையும் அளக்க வேண்டும்.

நம் பிள்ளை தஹ்சீனின் குட்டிக் கட்டிலுக்கு அப்படித்தான் அளந்தோம். ஞாயிறு மதியங்களில் பலகையின் மறுமுனையை நான் பிடித்திருப்பேன். "ஏனுங்க கட்டிங் மாஸ்டர், பனியன் துணின்னு நெனச்சுட்டீங்களா, இந்த இழு இழுக்கறீங்க?" என்பேன். புருவமெல்லாம் மரத்தூளோடு சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு மாதமாகிறது.

ரம்பம்தான் உங்கள் விரலைக் கெடுத்தது என்று தினமும் சண்டை போட்டேன். "பனியன் கம்பெனில கையுறை போட்டுத்தானே வெட்டறீங்க, ஊட்லயும் போடுங்க" என்று வற்புறுத்தியது நான். ஓடுகிற பல் அந்தக் கையுறையைக் கவ்வித்தான் கையை இழுத்தது. நீங்கள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை.

இனி விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம்.

ரைசா

விற்பதானால், கையுறை கூடாது என்று அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவர் மனைவியும் கூட வந்தால், அந்த அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.